சுவரில் விழ வேண்டிய சிவப்பு

"மிதி" என்றேன். "மிதிச்சுட்டேன் மாமா" என்றாள் பவுனுத்தாய். சுவர் வெள்ளையாகவே இருந்தது. ஜீப்பின் பின்புறத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் குத்தவைக்கிற இடம்தான் உண்டு. அதில் விளக்குக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிரேக் லைட்டைச் சோதிக்க விளக்கைப் பார்க்க வேண்டியதில்லை, சுவர் சிவந்தால் போதும். எல்லா வருஷமும் சிவந்திருக்கிறது. வருஷா வருஷம் வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டுகிற எஃப்.சி.க்கு முந்தின நாள் சாயங்காலம் அதைச் சுவருக்குப் பின்காட்டி நிறுத்துவேன், அவள் ஏறி உட்காருவாள். மிதி என்பேன், மிதிச்சுட்டேன் என்பாள், எரியுது என்பேன், விடு என்பேன், விட்டுட்டேன் என்பாள், அம்புட்டுதான், இறங்கி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அக்கா மகளைக் கட்டி இந்த மலைக்குக் கூட்டிவந்த வருஷத்திலிருந்து இதே வார்த்தைகள்தான், ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இந்த வருஷம் அவளை ஏறச் சொல்லக் கூடாது என்று பெடல் மேல் வைக்க ஒரு செங்கல்லை எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "நான் ஒருத்தி உசிரோட இருக்கிறப்ப செங்கலு எதுக்கு" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். ஏறவும் ஏறினாள். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை மேல் கம்பியில், இடது காலை உள்ளே வைத்து, வலது காலைக் கையால் தூக்கி, இல்லை, கையால் தூக்கி என்று சொல்ல முடியாது, முழங்காலுக்குக் கீழே சேலையைப் பிடித்துச் சரிசெய்தாள், கூடவே காலும் உள்ளே போயிற்று. சேலையைத்தான் சரிசெய்தாள். அவள் தானாக ஏறிய சந்தோஷத்தில் நான் செங்கல்லைத் தூக்கிச் செம்பருத்திச் செடிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"எரியுதா மாமா?" என்றாள். "பல்பு போயிருக்கும். இரு" என்றேன். பல்புதான். வேறு என்ன இருக்க முடியும். காலையிலிருந்து தனியாளாக மற்றதையெல்லாம் பார்த்து முடித்திருந்தேன். ஹெட்லைட் இரண்டும் சரி, இடது பக்கத்தில் டிம் மட்டும் மங்கல், மாற்றியாயிற்று. முன்பக்கத்து இண்டிகேட்டர் கண்ணாடிக்குள் வைகாசியிலிருந்து பெய்த மழையெல்லாம் தேங்கி ஒரு செத்த தேனீ மிதந்தது. கவிழ்த்துக் கொட்டி, ஹோல்டரில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பல்பைப் போட்டேன், கண் சிமிட்டியது. நம்பர் பிளேட் லைட், ரிவர்ஸ் லைட், எல்லாம் ஒரு ஆள் வேலை. சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கி நடந்து போய்ப் பார்க்கலாம். பிரேக் லைட் ஒன்றுக்குத்தான் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க. வைகாசியில் அவளை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து வண்டியை எடுக்கவில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப், தாண்டிக்குடிக்கு மேலே தோட்டத்துப் பாதைகளில் இதைத் தவிர வேறு எதுவும் ஏறாது, இருந்தும் ஆறு மாதம் ஓட்டை விழுந்த தார்ப்பாய்க்குள் கிடந்தது. வாழைத்தாரும் மிளகு மூட்டையும் மற்றவர்கள் வண்டியில் வத்தலக்குண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. நாளைக் காலையில் திண்டுக்கல்லில் எஃப்.சி. முடிந்துவிட்டால் நாளை மறுநாள் நான் லோடு எடுக்கலாம். அவள் காலையில் கஞ்சி போட்டுக் கொடுப்பாள், நான் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்புவேன். எல்லாம் பழையபடி. பழையபடி என்ற வார்த்தையை இந்த ஆறு மாதத்தில் நானும் அவளும் சாமி பேரைப் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணாடி மூடியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றினேன். பல்பை உள்ளே அழுத்தித் திருப்பினால் வந்துவிடும். காதருகே வைத்து ஆட்டினேன். இழை அறுந்திருந்தால் உள்ளே சிணுங்கும். சிணுங்கவில்லை. வலது பக்கத்தையும் கழற்றி ஆட்டினேன். அதுவும் சிணுங்கவில்லை. இது டபுள் பாயிண்ட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை, ஒன்று இரவில் எரிய, ஒன்று பிரேக் பிடித்தால் எரிய. ஒன்று நன்றாக எரியும்போதே இன்னொன்று செத்துப் போயிருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, நடப்பாள், பேசுவாள், சிரிப்பாள், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன், பல்பைப் பற்றித்தானே. இரண்டையும் மாற்றினேன். இரண்டு பக்கமும் ஒரே நாளில் போகாது என்பது தெரியும். ஜீப் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா. ஒரு பக்கம் எரியாவிட்டால் பல்பு, இரண்டு பக்கமும் எரியாவிட்டால் பல்பு இல்லை. தெரிந்தும் மாற்றினேன். ஆறு மாதம் பனியிலும் மழையிலும் கிடந்த வண்டியில் இரண்டும் ஒன்றாகப் போகக் கூடாதென்று சட்டமா இருக்கிறது. "மிதி" என்றேன். "மிதிச்சுட்டேன்." சுவர் வெள்ளை. மூடுபனி கொய்யா மரம் வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளிச்சமும் போய்விடும். ஃபியூஸாக இருக்கும் என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். அவள் மடிக்குக் குறுக்கே கை நீட்டி ஹாரனை அழுத்தினேன், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. "எந்திரிச்சு வழி விடுங்கடா, சன்னாசி வண்டி வருது" என்று என் பேரைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கை நீட்டிய அந்த நேரத்தில் குனிந்து அவள் காலடியைப் பார்த்திருக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருட்டாக இருந்தது. டார்ச் என் பையில்தான் இருந்தது.

போன வாரம் குழாயடியிலிருந்து வரும் பாதையில் அவளுடைய வலது கால் செருப்பு கிடந்தது. எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அவள் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். "எங்கடி இன்னொன்னு?" என்றேன். குனிந்து பார்த்து, "ஆத்தாடி, எப்பக் கழண்டுச்சு?" என்றாள். வார் லூஸாகிவிட்டது. அன்றைக்கே வாரைப் பிடித்து ஒரு ஓட்டை தள்ளிக் கொடுத்தேன். அந்தப் பாதையில் மண் கிடையாது, ஜல்லி, வெறுங்காலில் நான் நடந்தாலே குத்துகிறது, அவள் கொதிக்கிற தாரிலும் நடக்கிறவள், பாதம் காய்த்துப்போயிருக்கிறது, ஜல்லி அவளை என்ன செய்யும். ஆபரேஷனுக்கு முன்னால் மதுரையில் டாக்டர் அவளைப் படுக்க வைத்து, "கண்ணை மூடிக்கங்கம்மா. நான் கால்ல தொடுறப்ப எல்லாம் தொடுறீங்கன்னு சொல்லுங்க" என்றார். கையில் ஒரு சாவி. இடது காலில் தொட்டார், தொடுறீங்க என்றாள். வலது காலுக்கு வந்தபோது சாவி காற்றில் நின்றது. பாதத்துக்கும் சாவிக்கும் நடுவே ஒரு சாண். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல, "தொடுறீங்க" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். முதுகுத்தண்டுக்குள் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. எடுத்தார்கள். எடுத்த பிறகு அதே சாவி, அதே கால், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள், தொடாதபோது "இப்ப நீங்க தொடலை, என்னை ஏமாத்தப் பாக்குறீங்க" என்று அவரையே கேலி செய்தாள். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நடக்க நடக்கப் பலம் வரும், வந்த பலம் மறுபடி குறைஞ்சா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க, குறைஞ்சா அது திரும்ப வளருதுன்னு அர்த்தம், இன்னொரு தடவை கத்தி வைக்க அங்க இடமில்லை என்றார். கூட்டிட்டு வாங்க என்றும் சொன்னார், இடமில்லை என்றும் சொன்னார். இடமில்லையென்றால் எதற்குக் கூட்டிக்கொண்டு வர. இதை நான் கேட்கவில்லை. பவுனுவிடம் சொல்லவும் இல்லை. டாக்டர் நல்லா நடக்கச் சொன்னாரு என்று மட்டும் சொன்னேன். நடக்கிறாள். ஒற்றைச் செருப்போடும் நடக்கிறாள்.

"என்னண்ணே, வண்டிக்குக் கண்ணு தெரியலையா?" சவரிமுத்து. மேல் வளைவில் வீடு, அவனும் ஜீப்தான். ஹாரன் சத்தம் கேட்டு இறங்கி வந்திருக்கிறான். "முன் கண்ணு தெரியுது. பின்னாடிதான்" என்றேன். "என் வண்டியில கழட்டித் தரவா? போன தடவை உங்க பல்புலதான என் வண்டி பாஸாச்சு." இந்த மலையில் அப்படித்தான். நல்ல பல்பு ஒரு செட் இருக்கும், எஃப்.சி.க்குப் போகிறவன் வண்டியில் அது ஏறும், பாஸாகி வந்ததும் அடுத்தவன் வண்டிக்கு இறங்கும். எந்த வண்டி எப்போது குருடாக இருக்கும் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். "பல்பு புதுசு. பல்பு இல்லை" என்றேன். அவன் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். "அட, மதினி! சீட்டுல ஏறிட்டீங்களா? அப்புறம் எங்க பொழப்பு என்னாகிறது?" "நீ ஓட்டுற லெச்சணத்துக்கு என்னைக்கோ ஏறியிருக்கணும் தம்பி. போன மாசம் குப்பம்மா வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குள்ள வண்டியை விட்டது யாரு?" "அது மாடு குறுக்க வந்துச்சு மதினி." "கொட்டாய்க்குள்ள மாடு குறுக்கதான் நிக்கும்." மூன்று பேரும் சிரித்தோம். அவளுடைய சிரிப்பில் ஒன்றும் குறையவில்லை. இப்படிச் சிரிக்கிற ஒருத்திக்கு உள்ளே ஒன்று வளர முடியுமா. அப்போது சவரிமுத்து சாதாரணமாகச் சொன்னான். "இறங்குங்க மதினி, நான் ரெண்டு மிதி மிதிக்கிறேன், அண்ணன் பாக்கட்டும். பெடல் டைட்டா இருந்தா பொம்பளை மிதி பத்தாது." நியாயமான பேச்சு. அவன் ஏறி மிதித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், எரியாவிட்டால் வண்டிக் கோளாறு, எரிந்தால். என் வாய் முந்திக்கொண்டது. "வேணாம்." சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவன் திரும்பிப் பார்த்தான். "வேணாம்டா, அவளே மிதிக்கிறா. வருஷா வருஷம் அவதான. ராசி." அவன் என் முகத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "சரிண்ணே. ஏதாச்சும்னா கூப்பிடுங்க" என்று ஏறிப் போனான். நாலு எட்டு வைத்ததும் பனி அவனை மூடிக்கொண்டது. கூப்பிட்டுவிடலாமா என்று நினைத்தேன். டேய் சவரி, வந்து ஒரு மிதி மிதிச்சுட்டுப் போடா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். பக்கக் கண்ணாடியில் அவள் முகத்தில் பாதி தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் அவளுக்குச் சுவர் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் எரியுதா எரியுதா என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சுவர் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சுவிட்சுதான். இனி அது ஒன்றுதான் பாக்கி. இந்த ஜீப்பில் பெடல்கள் தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும், பிரேக்கின் எண்ணெய்க் குடுவை அடியில் இருக்கிறது, அதன் முனையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சுவிட்சு. மிதித்தால் எண்ணெய் அழுத்தும், அழுத்தினால் சுவிட்சு சேரும், சேர்ந்தால் விளக்கு எரியும். சுவிட்சு கெட்டுப்போவது சகஜம். சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன். "பாத்து மாமா" என்றாள் மேலேயிருந்து. ஈர மண்ணும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, ஒன்றோடு ஒன்று தொட்டேன். பின் சக்கரங்களுக்கு நடுவே தெரிந்த சுவரின் அடிப்பாகம் இரத்தச் சிவப்பாக எரிந்தது. "எரியுது!" என்று கத்தினாள். உடனே குரல் இறங்கியது. "நான் மிதிக்கலையே மாமா." "ஒயரைச் சேத்துப் பாத்தேன்." "அப்ப பல்பு, ஒயரு எல்லாம் சரியா இருக்கு." "இருக்கு." அவளும் இத்தனை வருஷம் ஜீப்காரன் பெண்டாட்டி. "அப்ப சுவிட்சுதான் போச்சு" என்றாள். "சுவிட்சுதான்" என்றேன். "பழசுதான." "ரொம்பப் பழசு." சுவிட்சைத் துடைத்தேன், ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினேன், ஒயர்களைத் திரும்பச் செருகினேன். ஒரு பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று எவனாவது இப்படி வேண்டியிருப்பானா. மாசாணியாத்தா, சுவிட்சு போயிருக்கட்டும். குடுவை ஒழுகட்டும், குழாய் வெடித்திருக்கட்டும், நாளைக்கு எஃப்.சி. வேண்டாம், வண்டியே வேண்டாம், பழைய இரும்புக்கு எடைபோட்டுக் கொடுத்துவிடுகிறேன், இந்தச் சுவிட்சு மட்டும் செத்துப் போயிருக்கட்டும். என் மூக்குக்கு மேலே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பிரேக் பெடலின் தண்டு நின்றது. மேலே மிதித்தால் இங்கே அது சாயும். அதில் ஒரு ஸ்பிரிங் உண்டு, எண்ணெய் காணாதது, ஒவ்வொரு மிதிக்கும் கிரீச்சென்று அழும், வளைவு வளைவாக அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இந்த மலையை இறங்கியிருக்கிறேன். டார்ச்சை அணைத்தேன். அணைத்தும் தண்டு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். "மிதி" என்றேன்.

மேலே தகரத்தில் ஏதோ லேசாக உரசியது, துணி உரசுகிற மாதிரி. "மிதிச்சுட்டேன் மாமா." ஸ்பிரிங் அழவில்லை. இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். பனிக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்தது, சவரிமுத்து வீட்டு நாயாக இருக்கும், அவன் இன்னும் வீட்டுக்குள் போயிருக்க மாட்டான், கூப்பிட்டால் வருவான். "நல்லா மிதி பவுனு." "நல்லாத்தான் மிதிச்சிருக்கேன். இதுக்கு மேல மிதிச்சா தகரம் ஓட்டையாகி உங்க மூஞ்சிலதான் வந்து விழுவேன்." கண்ணைத் திறந்தேன். தண்டு அசையாமல் நின்றது. அதைச் சுற்றியிருந்த ஓட்டை வழியாக ஒரு துண்டு வெளிச்சமும், பெடலுக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றியிருந்த குதிகாலின் ஓரமும் தெரிந்தன. பெடலுக்கு நாலு விரற்கடை தள்ளி. காய்ந்த வெடிப்புகள், நேற்றுத் தேய்த்துவிட்ட எண்ணெயின் மினுமினுப்பு. முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும் கால் அவ்வளவு அமைதியாக இருந்தது. டாக்டரின் சாவி காற்றில் நிற்கிறது, தொடுறீங்க என்கிறாள். ஜல்லிப் பாதையில் செருப்பு கிடக்கிறது. இதை நான் அன்றைக்கே பார்த்தேன், குழாயடியில் குனிந்து செருப்பை எடுத்தபோதே, எடுத்துத் தூசியைத் தட்டி வாரில் ஓட்டை தள்ளிக்கொண்டிருந்தேன். "எரியுதா மாமா?" குரல் சின்னதாக வந்தது. ஆபரேஷன் அறைக்கு உருட்டிக்கொண்டு போகும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, வெளியேதான இருப்பீங்க என்று கேட்ட குரல். இரண்டு கையாலும் தண்டைப் பிடித்தேன். முதுகை மண்ணில் ஊன்றித் தள்ளினேன். நகரவில்லை. பல்லைக் கடித்துத் தள்ளினேன். கிரீச்சென்றது. சுவர் சிவந்தது.

"எரியுது" என்றாள். அது என்னுடைய வார்த்தை. அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. "நான்தான் சொன்னேன்ல, சுவிட்சுதான்னு. தட்டினதுல சரியாப் போச்சு." "ஆமா. சுவிட்சுதான்" என்றேன், மூச்சு வாங்குவது கேட்காதபடி. சுவரின் சிவப்பு பனியில் கரைந்து வண்டியைச் சுற்றிப் பரவியிருந்தது, வீட்டு வாசற்படி வரைக்கும். இனி ஒரு வார்த்தைதான் பாக்கி, எல்லா வருஷத்தையும் போல. அவள் விட்டேன் என்றதும் நான் விட வேண்டும், அவ்வளவுதான், அவள் இறங்கி அடுப்பைப் பார்க்கப் போவாள், நாளைக்கு எஃப்.சி., பழையபடி. "விடு" என்றேன். "விட்டுட்டேன் மாமா." கை வரவில்லை. விரல்கள் தண்டைச் சுற்றி இறுகியிருந்தன, விடுங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. விட்டால் போய்விடும். பிடித்திருக்கிறவரைக்கும் சுவர் சிவப்பாக இருக்கும், அவள் மிதித்துக்கொண்டிருப்பாள், அந்தக் காலில் பலம் இருக்கும். மேலே ஒரு அசைவும் இல்லை. கண்ணாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் சிவப்பாக இருக்கிற சுவரை. "மாமா" என்றாள். "ம்." "நான் விட்டு ரொம்ப நேரமாச்சு." ஒரு சொட்டு எண்ணெய் என் கன்னத்தில் விழுந்து காதுக்குள் இறங்கியது. அவள் குரலில் அழுகை இல்லை, உலை கொதித்துவிட்டது என்று சொல்லுகிற குரல்தான். "கையை எடுங்க மாமா. கை வலிக்கும்." ஸ்பிரிங் அழுதது. சுவர் வெள்ளையாயிற்று.